தீவில் விட்ட பூனை

எனக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும். வாய் அதற்குப் பிறகுதான். ஊரில் இது தெரியாதவர்கள் இல்லை. வல்லத்தில் நான்கு பேரோடு கடலுக்குப் போய்ச் சண்டை போடாமல் திரும்பிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட என்னைத்தான் கீழவைப்பாருக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் ஒரு தீவில் பறவைகளுக்குக் காவலாக வைத்தார்கள். தீவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கிளம்பிவிடுவார்கள். அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது.

வனத்துறையில் தற்காலிகக் காவலர் வேலை. விடிந்ததும் ஃபைபர் படகில் போய்த் தீவைச் சுற்றி வந்து, தடையை மீறி வலை போடுகிறவர்களை விரட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். கோடை பிறந்து கச்சான் காற்று வலுக்கும் மாதங்களில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். அப்போதுதான் ஆலாக்கள் முட்டையிட வரும். வெள்ளை உடம்பு, சாம்பல் முதுகு, மஞ்சள் அலகு, தலையில் கறுப்புக் கொண்டை. கடல் கடந்து எங்கிருந்தோ வந்து, தென்முனை மணல் திட்டில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்காரும். கூடு என்று எதுவும் கட்டாது. மணலில் ஒரு குழி, குழிக்கு ஒரே ஒரு முட்டை. அது போனால் பெரும்பாலும் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான்.

ஆலாவைச் சாதுப் பறவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வழி தவறிப் பக்கத்துக் குழிக்குப் போன குஞ்சைப் பக்கத்து ஆலா மண்டையில் கொத்திக் கொத்தியே கொன்றதை நான் பார்த்திருக்கிறேன். நாம் கிட்டே போனாலும் மேலிருந்து நேராகத் தலைக்கு இறங்கும். லேஞ்சியை நான்காக மடித்துத் தலையில் கட்டிக்கொண்டுதான் போவேன். அப்படியும் இரண்டு முறை ரத்தம் வழிய வீடு வந்திருக்கிறேன். வாலிப வயதில் இவற்றின் முட்டைகளை வாளி வாளியாக அள்ளிவந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பொரித்துத் தின்றவன் நான். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் கொத்துகின்றன என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது.

பறவைகளைக் கணக்கெடுக்க நாசரேத்திலிருந்து ஒரு டீச்சர் வருவார். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். வாரம் ஒருமுறை படகில் எங்களோடு ஏறி, தொலைநோக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வாந்தி எடுத்தபடியே வந்து சேர்வார். இரண்டு வருடங்களாக அந்தத் திட்டிலிருந்து ஒரு குஞ்சுகூடப் பறந்து போகவில்லை. வெயில் என்றார்கள், காக்கை என்றார்கள், பெரிய அலை ஏறிவிட்டது என்றார்கள். மூன்றாவது வருடம் ஆலாக்கள் வந்து இறங்கிய அன்று டீச்சர் என்னிடம் சொன்னார்:

“அண்ணாச்சி, இந்த வருஷமும் ஃபெயிலானா இந்த காலனிய நாம மறந்துர வேண்டியதுதான். பயந்த இடத்துக்கு இதுக திரும்ப வராது.”

முட்டையிட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். காலையில் நானும் என்னோடு வேலை பார்க்கிறவரும் தீவில் இறங்கினோம். அவர் தாமிரபரணிக் கரை நெல்வயல் ஊர்க்காரர். என் வயதுதான். கடலில் படகு லேசாகச் சரிந்தாலும் குலதெய்வத்தைக் கூப்பிடுவார். திட்டுக்குப் போனபோது ஆலாக்கள் எல்லாம் மேலே சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. கீழே மணல் முழுக்க இறகு. முட்டைமேல் உட்கார்ந்திருந்த தாய்ப் பறவைகள் உட்கார்ந்த இடத்திலேயே கிடந்தன. சிலவற்றுக்குத் தலை இல்லை. சிலவற்றுக்குக் கழுத்து கடிபட்டுத் தொங்கியது. ஒன்று மட்டும் இன்னும் சாகாமல், ஒரு பக்கச் சிறகை மணலில் அடித்து அடித்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. நான் அதன் கழுத்தைத் திருகி முடித்துவைத்தேன். அதன் முட்டை இன்னும் சூடாக இருந்தது.

“வே, இது காக்கா வேல இல்ல” என்றார் என் கூட்டாளி. “காக்கா கண்ணத்தான் கொத்தும். இது தலையக் கடிச்சு எடுத்திருக்கு. தின்னக்கூட இல்ல, பாரும்.”

அன்று காற்று இல்லை. மணலில் தடம் கலையாமல் இருந்தது. வட்டமான சின்னப் பாதம், நகம் பதியாத தடம். நான் பார்த்ததும் அவரும் பார்த்தார். தடத்தைப் பிடித்துக்கொண்டே போனோம். திட்டு முடிகிற இடத்தில் சீமைக்கருவேலம் புதராக மண்டிக் கிடக்கும். புதர் ஓரத்தில் ஒரு பூனை, வாயில் ஆலாவைக் கவ்விக்கொண்டு எங்களை முறைத்தது. கறுப்பும் வெள்ளையுமாக இருந்தது. வால் நுனி வலப் பக்கம் கொக்கி போல மடங்கியிருந்தது. கூட்டாளி கல்லைத் தேடிக் குனிந்தார். அந்த வாலை எனக்குத் தெரியும்.

என் மகள் ஆறாம் வகுப்பு படித்த காலம் அது. எங்கள் வீட்டில் ஒரு பெண் பூனை இருந்தது. என் மனைவி வளர்த்தது. கறுப்பும் வெள்ளையும், வால் நுனி மடங்கல். குசினிக்குள் புகுந்து சட்டியை உருட்டும். முற்றத்தில் காயப்போட்ட கருவாட்டை இழுத்துப் போகும். ஒருநாள் நான் விற்பதற்கு ஒதுக்கிவைத்திருந்த சீலாமீனைக் கடித்துக் குதறிவிட்டது. எனக்குக் கண்மண் தெரியாத கோபம். கையில் இருந்த வெட்டுக்கத்தியை வீசினேன். தப்பிவிட்டது. தெருப் பெண்கள் எல்லாம் ஓடிவந்து, பூனையைக் கொன்றால் ஏழு பிறப்புக்கும் பாவம் என்று கத்தினார்கள். எங்கள் ஊரில் கோயிலுக்குப் போகிறவர்கள், மாதா கோயில் பூசைக்குப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் பூனை விஷயத்தில் ஒரே வேதம்தான். கொல்லக் கூடாது, சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். பக்கத்து ஊரில் விட்டால் திரும்பி வந்துவிடும். அதனால் சில பேர் தண்ணீருக்கு அந்தப் பக்கம் விடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். சாக்கில் கட்டி, வல்லத்தில் ஏற்றி, இந்தத் தீவில் அவிழ்த்துவிட்டேன். அதன் வயிறு பெருத்திருந்தது எனக்குத் தெரியும். கொல்லாமல் விட்டோமே, நமக்கும் இரக்கம் இருக்கிறதே என்று திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமை.

மனைவியிடம் வேம்பார் ஏலக் கூடத்தில் விட்டுவிட்டதாகச் சொன்னேன். “அங்கன மீனுக்கா பஞ்சம்? ராணி மாதிரி இருக்கும்” என்றேன். அவள் ரொம்ப நாள் வேம்பார் போய்வருகிறவர்களிடமெல்லாம் வால் மடங்கின பூனையைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மீன்காரி பார்த்ததாகக்கூடச் சொன்னாள். எந்தப் பூனையைப் பார்த்தாளோ.

இத்தனை வருடம் புதருக்குள் எலியும் நண்டும் தின்று மெல்லப் பெருகிய அதன் வம்சத்தில் ஒன்று என் கண்முன்னே ஆலாவின் கழுத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. யாரிடம் சொல்வது? கூட்டாளியிடம் சொல்லவில்லை. டீச்சரிடமும் சொல்லவில்லை. யாரோ அறிவுகெட்டவன் கொண்டுவந்து விட்டிருக்கிறான் என்று அதிகாரி திட்டியபோது, நானும் சேர்ந்து அந்த யாரோவை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

கம்பிக் கூண்டுகள் வந்தன. உள்ளே கருவாட்டைக் கட்டி வைத்தோம். அடுத்தடுத்த காலைகளில் ஒவ்வொன்றாக மாட்டின. ஒன்று கூண்டின் கம்பியைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் ரத்தமாக உட்கார்ந்திருந்தது. கைவைத்த கூட்டாளியின் பெருவிரல் நகத்தை இன்னொன்று பிய்த்துவிட்டது. டீச்சர் அவற்றைத் தூத்துக்குடியில் பிராணிகளைப் பராமரிக்கும் ஒருவரிடம் அனுப்பிவைத்தார். ஏழு பூனைகள் போயின. எட்டாவது மட்டும் கூண்டுப் பக்கமே வரவில்லை. கூண்டைச் சுற்றி அதன் தடம் இருக்கும். உள்ளே போகாது. அதுதான் நான் முதல் நாள் பார்த்த பூனை.

முட்டைகள் பொரிக்கத் தொடங்கின. குஞ்சுகள் மணல் நிறத்தில், உள்ளங்கையில் அடங்கும் அளவில் இருந்தன. ஒவ்வொரு காலையிலும் நாங்கள் போகும்போது பொரித்த குஞ்சுகளில் ஒரு பங்கு கிழிந்து கிடந்தது. பசிக்குத் தின்றது கொஞ்சம், சும்மா கொன்றுபோட்டது அதிகம். தாய் ஆலாக்கள் வாயில் மீனோடு வந்து இறங்கி, செத்த குஞ்சின் அருகே நின்று நின்று பார்த்துவிட்டு, மீனைக் கீழே போட்டுவிட்டுப் பறந்தன.

“இன்னும் பத்து நாள் தாங்கிட்டா போதும் அண்ணாச்சி” என்றார் டீச்சர். “குஞ்சுகள் எல்லாம் கூட்டமாச் சேர்ந்து தண்ணி ஓரத்துக்குப் போயிரும். பெறவு பூனையால ஒண்ணும் பண்ண முடியாது. இப்படியே போனா பத்து நாள்ல ஒண்ணும் மிஞ்சாது.” அவர் கண் கலங்கியிருந்தது. என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

கூட்டாளி முன்கூட்டியே கையை விரித்துவிட்டார். “நான் அது மேல கைய வைக்க மாட்டேன், கேட்டுக்கிடும். பூனயக் கொன்னா தங்கத்துல பூன செஞ்சு கோயிலுக்குக் குடுக்கணும்பாங்க. நம்ம சம்பளத்துக்குப் பித்தளையில வாலுகூடச் செய்ய முடியாது.”

வீட்டில் நிலைமை இதைவிட மோசம். என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாதம். தீவில் பூனை பிடிக்கிற செய்தி எப்படியோ என் மனைவி காதுக்குப் போய்விட்டது. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

“கூண்டு வச்சுப் பிடிக்கதோட நிறுத்திக்கிடுங்க. வயித்துப்பிள்ளக்காரி வீட்டுல இருக்கா. பூன மேல கைய வச்சிய, பெறவு நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்.”

“பூனைக்கும் பிள்ளைக்கும் என்னளா சம்பந்தம்?” என்று கத்தினேன். தட்டைத் தள்ளிவிட்டேன். சோறு சுவர்வரை சிதறியது. அவள் பெருக்கி அள்ளினாள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். இல்லாவிட்டால் அவ்வளவு கத்தியிருக்க மாட்டேன்.

மூன்று நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் காலையில் திட்டின் ஒரு பக்கம் முழுவதும் காலியாகக் கிடந்தது. அன்று மாலை வீட்டுப் பரணிலிருந்து மண்டாவை இறக்கினேன். அது ஆமை குத்துகிற ஈட்டி. ஆமை பிடிக்கத் தடை வந்த நாளிலிருந்து தொடாதது. முனையில் துரு ஏறியிருந்தது. கல்லில் வைத்துத் தேய்த்தேன். மனைவி பார்த்தாள். மகளிடம் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போதே தீவில் இறங்கிவிட்டேன். கூட்டாளியைப் படகிலேயே இருக்கச் சொன்னேன். திட்டிலிருந்து புதருக்கு இறகு சிந்திய பாதை போயிருந்தது. குனிந்து, முழங்காலில் நகர்ந்து போனேன். கருவேல முள் முதுகைக் கீறியது. பூனை ஒரு வேர்மேட்டில் படுத்துக் காலை நக்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துத் தலையைத் தூக்குவதற்குள் எறிந்துவிட்டேன்.

இடுப்பில் பாய்ந்தது. செத்துவிடும் என்று நினைத்தேன். அது ஈட்டியோடு சேர்த்துத் தன்னை இழுத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தது. பிள்ளை அழுவது போல ஒரு சத்தம். முகத்துக்குப் பாய்ந்ததைக் கையால் தடுத்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கிழித்து, சதையைக் கவ்விக்கொண்டு விடவில்லை. மற்றக் கையால் கிடைத்த கட்டையை எடுத்து அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. பல் விட்ட பிறகும் அடித்தேன். அதன் முகம் முகமாக இல்லாமல் போன பிறகும் அடித்தேன். மேலே ஆலாக்கள் கத்திக்கொண்டே இருந்தன. அவை என்னையும் சேர்த்துத்தான் கத்தின.

மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகுதான் அதன் வயிற்றைப் பார்த்தேன். காம்புகள் ஈரமாக இருந்தன. காம்பைச் சுற்றி முடி நக்கப்பட்டுப் படிந்திருந்தது. குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வந்த கையோடு படுத்திருக்கிறது.

குட்டிகளைத் தேடிப் போனேன். கொல்லத்தான் தேடினேன், அதை மறைக்க விரும்பவில்லை. விட்டால் பட்டினியில் சாகும், சாகாவிட்டால் அடுத்த வருடம் ஆலாவைத் தின்னும். கரை ஒதுங்கிய பழைய மீன்கூண்டு ஒன்று புதருக்குள் கிடந்தது. அதற்குள் நான்கு குட்டிகள். அவற்றைச் சுற்றி ஆலாக் குஞ்சுகளின் கால்கள், சிறகுகள். ஒன்றைப் பிடித்துக் கல்லில் அடிக்கத் தூக்கினேன். அது என் கைக் காயத்தில் வழிந்த ரத்தத்தை நக்கியது. அதன் வால் நுனி வலப் பக்கம் மடங்கியிருந்தது. கோபம் வந்தால் முந்திக்கொள்ளும் என் கை அன்று வரவே இல்லை. படகில் கிடந்த சாக்கை எடுத்துவந்து நான்கையும் உள்ளே போட்டேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கட்டியது போலவே வாயைக் கட்டினேன்.

“என்ன வே, திரும்பவும் ஊருக்கே கொண்டு போறீரு?” என்றார் கூட்டாளி. திரும்பவும் என்று அவர் சும்மா சொன்ன சொல்லுக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுப் புறவாசலில் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே தூங்கினாள். சாக்கை அவள் முன்னால் வைத்தேன். அவிழ்த்துப் பார்த்தவள் ஒரு குட்டியைத் தூக்கி, அதன் வாலை விரலால் நீவிவிட்டாள். அது மறுபடியும் மடங்கிக்கொண்டது.

“அப்ப வேம்பாருல ராணி மாதிரி இருக்குன்னு சொன்னியளே?” என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இதுகளுக்கத் தாய் எங்க?”

அவள் என் கையைப் பார்த்தாள், சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள். குட்டிகளை மடியில் அள்ளிக்கொண்டு எழுந்தாள். “எம்பிள்ளைக்கு மட்டும் ஏதாவது ஆச்சு...” என்று தொடங்கி, முடிக்காமல் குசினிக்குள் போய்விட்டாள்.

எட்டாம் நாள் மகளுக்கு வலி கண்டது. தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பகல் முழுக்க வலி எடுத்தும் பிள்ளை இறங்கவில்லை. கொடி கழுத்தைச் சுற்றியிருக்கிறது என்றார்கள். வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பிள்ளை அழவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். கதவுக்கு வெளியே பெஞ்சில் நானும் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். அவள் செபமாலையை உருட்டிக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்டிருந்த கையை இல்லை, கட்டையைப் பிடித்த மற்றக் கையை.

அப்போதுதான் டீச்சர் போன் பண்ணினார். காற்றுச் சத்தத்துக்கு மேல் கத்தினார். “அண்ணாச்சி, குஞ்சுகள் எல்லாம் தண்ணி ஓரம் வந்துட்டு! கூட்டமா நிக்கி! நான் என் கண்ணால பாக்கேன்!” அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நான் “சரி டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். யார் என்று மனைவி கேட்டாள். ஆபீஸிலிருந்து என்றேன். அவ்வளவு நாள் காத்திருந்த செய்தியைக் கேட்டு ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்க முடியவில்லை.

பிள்ளை மூன்றாம் நாள் அழுதது. பிழைத்துக்கொண்டது. பேத்தி. வீட்டுக்கு வந்த அன்று ஆசையாகக் கையை நீட்டினேன். “கையக் கழுவிட்டு வாங்க” என்றாள் மனைவி. கழுவிவிட்டு வந்தேன். “சோப்புப் போட்டீயளா?” என்றாள். போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அதற்குள் பிள்ளை தூங்கிவிட்டது என்று உள்ளே கொண்டுபோய்விட்டாள். அன்றிலிருந்து நான் பிள்ளையைத் தொடப் போகும்போதெல்லாம் இதே பேச்சு. மகளுக்கு அது சுத்தத்துக்காகச் சொல்வது. எங்கள் இருவருக்கும் எதற்கென்று தெரியும். பிள்ளைக்கு லேசான காய்ச்சலில் மேல் காய்ந்தாலும் அவள் முதலில் என் பக்கம்தான் திரும்புவாள்.

குட்டிகள் வளர்ந்தன. டீச்சர் உதவியோடு நான்குக்கும் கருத்தடை செய்து கொண்டுவந்தோம். போன கோடையில் ஆலாக்கள் திரும்ப வந்து இறங்கிய அதே வாரத்தில், அந்த நான்கில் ஒன்று பக்கத்து வீட்டுக்காரன் ஏலத்துக்கு வைத்திருந்த மீனில் வாயை வைத்துவிட்டது. அவன் பூனையைச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, எங்கள் வாசலுக்கே கொண்டுவந்தான். நல்ல பையன். எனக்குத் தம்பி முறை.

“கோவப்படாதிய அண்ணாச்சி. நான் கொல்லச் சொல்லலயே. தெனமும் தீவுப் பக்கம்தான போறிய, அங்கன விட்டுட்டு வந்திருங்க. பாவம், எங்கயாவது உசுரோட கெடக்கட்டும்.”

என் கை முந்திக்கொண்டது. கன்னத்தில் விட்ட அறையில் அவன் படியிலிருந்து தெருவில் விழுந்தான். விழுந்தவன்மேல் ஏறி உட்கார்ந்து கழுத்தைப் பிடித்தேன். எதற்கு அடிக்கிறேன் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் சொல்ல வரவில்லை. அவன் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. தெருவே கூடிவிட்டது. நான்கு பேர் சேர்ந்து என்னை இழுத்துப் பிடித்தார்கள். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டார்கள்.

மனைவி இடுப்பில் பேத்தியோடு வெளியே வந்தாள்.

“அவர விடுங்க” என்றாள். “அந்தக் காலத்துல எங்க வீட்டுப் பூனய இவரும் இப்படித்தான் பாவம்னு சாக்குல கட்டித் தீவுல விட்டாரு. அது பெருகி அங்கன உள்ள பறவயப் பூராக் கொன்னுச்சு. கடசில இவரே போயி அதக் குத்திக் கொன்னாரு. எம்பிள்ள ஆஸ்பத்திரில கெடந்தப்ப இவரு கையப் பாத்துப் பாத்து நான் செத்தேன். இன்னொரு வீட்டுக்கும் இது வேணுமா? தொல்லையா இருந்தா எங்க வாசல்ல போட்டுட்டுப் போங்க. அங்கன கொண்டு விடாதிய.”

விழுந்தவன் எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு போனான். அவள் சொன்னதை ஊர் அப்படியே எடுத்துக்கொண்டது. இப்போது விடிந்தால் எங்கள் வாசலில் ஏதாவது ஒரு சாக்கு நெளிந்துகொண்டிருக்கிறது. குசினியில் கால் வைக்க இடமில்லை. எனக்கு வரும் கோபத்துக்கு அளவில்லை.

ஆனால் அன்று, கூட்டம் கலைந்த பிறகு, அவள் சாக்கை அவிழ்த்துப் பூனையை வெளியே விட்டாள். அது குசினிக்குள் ஓடியது. மூச்சு வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்த என்னிடம் பேத்தியை நீட்டினாள்.

“பிள்ளையப் பிடிங்க. பால் காய்ச்சணும்.”

கழுவச் சொல்லவில்லை. சொல்வாள் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். விரலில் அவனுடைய ரத்தம் காய்ந்திருந்தது. நானே எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.